தார், சீப்பு, காய்: கிளாஸுக்குப் பேர் வைக்கிற பஞ்சாயத்து

எபிசோட் உரையின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியா கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.

இந்த எபிசோடை சிறுமலையில வச்சுப் பதிவு பண்ணினோம். திண்டுக்கல்ல இருந்து 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவு. ஆடியோவுல நடுநடுவே காத்துச் சத்தம் கேட்டா மைக் மேல கோபப்படாதீங்க.

இன்னிக்கு விஷயம் கோடிங் ஸ்டைல். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் ப்ராஜெக்ட் ஒண்ணை நாலஞ்சு பேர் சேர்ந்து எழுதும்போது எதுக்கு விதி வேணும், எதுக்கு வேண்டாம்ங்கிறது.

முதல்ல வேண்டாததைச் சட்டுனு முடிச்சிடுறேன். டேபா ஸ்பேஸா, அடைப்புக்குறி அதே வரியிலயா அடுத்த வரியிலயா, ஒரு வரிக்கு எத்தனை எழுத்து. இதையெல்லாம் மனுஷங்க உக்காந்து பேசுற காலம் முடிஞ்சு போச்சு. பைத்தான்னா பிளாக்னு ஒரு ஃபார்மேட்டர், 2018ல வந்தது, வரிக்கு 88 எழுத்துன்னு அதுவே முடிவு பண்ணிடும். ஜாவான்னா கூகுளோட ஃபார்மேட்டர் இருக்கு, அதுக்கு 100. உங்களுக்கு 88 பிடிக்கலையா? நல்லது, டீம்ல எல்லாருக்குமே கொஞ்சம் பிடிக்காமதான் இருக்கும். அதனாலயே சண்டை வராது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ப்ராஜெக்ட் ஏற்கெனவே பழசுன்னா, மொத்தத்தையும் ஃபார்மேட் பண்ற வேலையைத் தனி கமிட்டா போடுங்க. லாஜிக் மாத்தத்தை அதுக்குள்ள கலக்காதீங்க. கலந்தா, ஆறு மாசம் கழிச்சு இந்த வரியை யார், எதுக்கு எழுதினாங்கன்னு கிட் ப்ளேம்ல தேடினா எல்லா வரிக்கும் ஃபார்மேட் பண்ணினவர் பேர்தான் வரும். 2019ல வந்த கிட் 2.23ல இருந்து இதுக்கு வழி இருக்கு. கண்டுக்க வேண்டாத கமிட்டுகளை ஒரு ஃபைல்ல எழுதி வச்சு அதைக் காட்டிட்டா, ப்ளேம் அதையெல்லாம் தாண்டிப் போயிடும். ஆனா அந்தக் கமிட் தனியா இருந்தாத்தான் இது நடக்கும்.

ஃபார்மேட்டர் தொட முடியாத இடம்னு ரெண்டு இருக்கு. ஒண்ணு, பேர். இன்னொண்ணு, எது வெளிய தெரியணும், எது உள்ள இருக்கணும்ங்கிறது. மிச்ச நேரம் முழுக்க இந்த ரெண்டுதான்.

சிறுமலைக்கு வந்துட்டு மலைவாழையைப் பேசாம போக முடியாது. சிறுமலை மலைவாழைக்கு 2008-09லயே புவிசார் குறியீடு கிடைச்சிடுச்சு. இந்த வாழைத்தார் கணக்கைப் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் எழுதுறோம்னு வச்சுக்குவோம். எந்தத் தோட்டத்துல இருந்து எத்தனை தார் இறங்குச்சு, ஒரு தாருக்கு எத்தனை சீப்பு, ஒரு சீப்புக்கு எத்தனை காய். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் பாடம் எடுக்கறதுக்குன்னே கடவுள் செஞ்சு வச்ச மாதிரி இருக்கும் வாழைத்தார். தாருக்குள்ள சீப்பு, சீப்புக்குள்ள காய். மூணு கிளாஸ்.

சரி, பேர் வைங்க. ஸ்டைல் கைடு என்ன சொல்லுது? கிளாஸ் பேர் பெயர்ச்சொல்லா இருக்கணும், ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்துல ஆரம்பிக்கணும். மெத்தட் பேர் வினைச்சொல்லா இருக்கணும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1990களோட கடைசியில வெளியிட்ட ஜாவா கோடு விதிகள்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் இதுதான். நல்ல விதி. ஆனா எந்தப் பெயர்ச்சொல்னு அது சொல்லாது.

இங்கிலீஷ்ல தாருக்குப் பன்ச். சீப்புக்கு ஹேண்ட். காய்க்கு ஃபிங்கர். வாழை ஆராய்ச்சிக் கட்டுரைகள்லயே இப்படித்தான் எழுதுவாங்க. தப்பில்லாத இங்கிலீஷ். ஆனா ப்ராஜெக்ட்ல புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு 'ஹேண்ட்'ங்கிற கிளாஸைத் திறந்து பார்க்குது. அதுக்கு என்ன தோணும்? கையா? சீட்டாட்டமா? உள்ள போய் 'ஃபிங்கர் கவுண்ட்'னு ஒரு வேரியபிள், அதோட மதிப்பு 14. கையில பதினாலு விரல்! இத்தனைக்கும் அந்தப் பொண்ணு சின்ன வயசுல இருந்து வாழைச்சீப்பு பார்த்து வளர்ந்தது. தெரிஞ்ச பொருளையே தெரியாததா மாத்திட்டோம்.

அப்ப தமிழ்ப் பேரையே இங்கிலீஷ் எழுத்துல எழுதிடலாமே? எழுதலாம், நானும் அந்தக் கட்சிதான். ஆனா அதுல வேற வம்பு இருக்கு. சீப்புங்கிறதை எப்படி எழுதுவீங்க? ஒருத்தர் எஸ், டபுள் இ, பி, யு. இன்னொருத்தர் எஸ், டபுள் இ, டபுள் பி, யு. மூணாவது ஆள் சி ஹெச்ல ஆரம்பிப்பார். நாலாவது ஆள் டபுள் இ-க்குப் பதிலா ஒத்தை ஐ போடுவார். நாலு பேர், நாலு ஃபைல், நாலு ஸ்பெல்லிங். சீப்பு எங்கெல்லாம் வருதுன்னு தேடினா நாலுல ஒரு பங்குதான் கிடைக்கும். வாழை இன்னும் மோசம். ழகரத்துக்கு ஒத்தை எல் போட்டு, நெடிலுக்கு ஒத்தை ஏ போட்டா, படிக்கிறவருக்கு அது வாழை இல்ல, வலை.

பேச்சு வழக்கும் சேர்ந்துக்கும். திண்டுக்கல்காரருக்கு அது தார். நாகர்கோவில்காரருக்கு அது குலை. ரெண்டு பேரும் ஒரே டீம்ல இருந்தா, ஒரே பொருளுக்கு ரெண்டு கிளாஸ் வந்து நிக்கும். ரெண்டும் வேற வேறயோன்னு மூணாவது ஆள் ஒரு வாரம் குழம்புவார்.

அடுத்து காய். மலையில வெட்டும்போது அது காய். கடையில தொங்கும்போது பழம். காய்க்கு ஒரு கிளாஸ், பழத்துக்கு ஒரு கிளாஸ்னு வச்சீங்கன்னா, பழுக்கும்போது ஒரு ஆப்ஜெக்டைக் கொன்னுட்டு இன்னொண்ணைப் பிறக்க வைக்கணும். வேண்டாம். கிளாஸ் ஒண்ணுதான், பேர் காய்னே இருக்கட்டும், பழுத்துச்சா இல்லையாங்கிறது அதுக்குள்ள ஒரு நிலை. பேர் வைக்கப் போய் டிசைன் முடிவு வந்திடுச்சு பாருங்க. பேர் சரியா அமையலைன்னா பல நேரம் கிளாஸே சரியா பிரியலைன்னு அர்த்தம்.

இதுக்கு மருந்து ரொம்பச் சாதாரணம். ப்ராஜெக்ட்டோட முதல் ஃபோல்டர்லயே சொல்பட்டியல்னு ஒரு பக்க ஃபைல். தார்: இந்த ஸ்பெல்லிங், இந்த அர்த்தம், குலைன்னு எழுதக் கூடாது. சீப்பு: இந்த ஸ்பெல்லிங். அம்புட்டுதான். ஒலிபெயர்ப்புக்கு ஐஎஸ்ஓ 15919னு சர்வதேச விதியே 2001ல இருந்து இருக்கு. ஆனா அதுல எழுத்துக்கு மேல கோடு, கீழ கோடு எல்லாம் வரும், கீபோர்டுல அடிச்சு மாளாது. உங்க பட்டியல்ல இருபது சொல்லு இருந்தா அதிகம். இருபது சொல்லுக்கு எழுத்துக்கூட்டலைக் கையால முடிவு பண்ணிடலாம்.

இங்க ஒருத்தர் கட்டாயம் கேப்பார்: இங்கிலீஷ் எழுத்து எதுக்கு, நேரா தமிழ் எழுத்துலயே கிளாஸ் பேர் வைக்கலாமேன்னு. வைக்கலாம். பைத்தான் 3 வந்த 2008ல இருந்தே அது அனுமதிக்குது. ஜாவாவும் விடும். முத்தையா அண்ணாமலை உருவாக்கின எழில் மொழியில கட்டளையே தமிழ்தான்: பதிப்பி, நிரல்பாகம், முடி. முதல்முறையா நிரல் கத்துக்கிற பிள்ளைக்கு அது பெரிய திறப்பு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பல பேர் சேர்ந்து எழுதற ப்ராஜெக்ட்ல சில குழி இருக்கு. தெரிஞ்சுகிட்டு இறங்குங்க.

ஒண்ணு, 'தொகை'. இதுல வர்ற ஒகரக் குறியை யூனிகோடுல ரெண்டு விதமா சேமிக்கலாம். ஒற்றைக் குறியா, இல்ல ஒற்றைக்கொம்பும் காலும்னு ரெண்டு குறியா. திரையில ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. பைத்தான் பேர்களைப் படிக்கும்போதே ரெண்டையும் ஒண்ணாக்கிடும். ஜாவா ஆக்காது. ஜாவாவுல ஒரே மாதிரி தெரியற ரெண்டு 'தொகை', ரெண்டு தனித்தனி வேரியபிள். ராத்திரி முழுக்க உக்காந்து தேடினாலும் கண்ணுக்குத் தெரியாத பிழை அது. ஔகாரத்துக்குப் பதிலா ஒகரமும் ளகரமும் சேர்த்து அடிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. அதைப் பைத்தானாலகூட சரிபண்ண முடியாது, ஏன்னா அது நிஜமாவே வேற எழுத்து.

ரெண்டு, தமிழ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. நாம இவ்வளவு நேரம் பேசின ஸ்டைல் விதிகள்ல பாதி அந்த வித்தியாசத்து மேலதான் நிக்குது. கிளாஸ்னா பெரிய எழுத்து, ஆப்ஜெக்ட்னா சின்ன எழுத்து. தமிழ்ல 'தார்'னு எழுதினா அது கிளாஸா, அந்த கிளாஸ்ல பிறந்த ஆப்ஜெக்டா? பார்த்துச் சொல்ல முடியாது. 'ஒரு_தார்', 'தார்_வகை'ன்னு நாமளே ஒரு முன்னொட்டோ பின்னொட்டோ கண்டுபிடிக்கணும்.

கோ மொழி இன்னும் ஒரு படி மேல. அங்க பெரிய எழுத்துல ஆரம்பிக்கிற பேர்தான் பேக்கேஜுக்கு வெளிய தெரியும், அது மொழியோட சட்டமே. தமிழ்ப் பேர் எதுவும் வெளிய தெரியவே தெரியாது. அதுக்கும் முன்னாடி இன்னொரு தடை. கோ, பேருக்குள்ள எழுத்தையும் எண்ணையும் மட்டும்தான் விடும், புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் விடாது. 'பல'ன்னு பேர் வைக்கலாம். 'பூட்டு'ன்னு வைக்க முடியாது. திண்டுக்கல்காரங்களுக்கு அந்த மொழியில வேலையே இல்லைங்கிற மாதிரி.

அதனால என் யோசனை: வாழை, சீப்பு, தார் மாதிரி நம்ம ஊர்ப் பொருளைக் குறிக்கிற சொல் தமிழ்ல, ஆனா இங்கிலீஷ் எழுத்துல. எண்ணு, சேர், நீக்கு மாதிரி பொதுவான வேலைக்கு வழக்கமான இங்கிலீஷ் வினைச்சொல். கலப்படம்தான். ஆனா நாம பேசுறதே அப்படித்தானே?

இது நான் புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. ஓப்பன் தமிழ்னு ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கு. திறந்த மூலம். தமிழ் எழுத்துகளை ஒழுங்கா கையாள்றதுக்குப் பல தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதினது. பைத்தான்கிட்ட 'பூட்டு'ங்கிற சொல்லோட நீளம் கேட்டா 6னு சொல்லும், ஏன்னா அது உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணும். ஓப்பன் தமிழ்ல 'கெட் லெட்டர்ஸ்'னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. அது பூ, ட், டுன்னு மூணா பிரிச்சுக் குடுக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

அந்த லைப்ரரியோட மூலக் கோடைத் திறந்து பாருங்க. உயிர் லெட்டர்ஸ், மெய் லெட்டர்ஸ், குறில் லெட்டர்ஸ், வல்லினம் லெட்டர்ஸ்னு பேர் இருக்கும். நடுவுல அண்டர்ஸ்கோர். வல்லினத்தை 'ஹார்ட் கான்சனண்ட்'னு மொழிபெயர்க்கலை, அப்படியே விட்டுட்டாங்க. ஆறாம் வகுப்புத் தமிழ் இலக்கணம் தெரிஞ்ச யாரும் அந்தப் பேரைப் படிச்சுடலாம். நான் சீப்புக்குச் சொன்ன அதே வழி.

ஆனா அதே ஃபைல்ல இன்னொண்ணும் கண்ணுல படும். 'கெட் லெட்டர்ஸ்' ஸ்நேக் கேஸ்ல இருக்கு, அதாவது சின்ன எழுத்து, நடுவுல அண்டர்ஸ்கோர். மெய்யையும் உயிரையும் பிரிக்கிற 'ஸ்ப்ளிட் மெய் உயிர்' கேமல் கேஸ்ல இருக்கு, அண்டர்ஸ்கோர் இல்லாம நடுவுல பெரிய எழுத்து. ஒரு சரம் தமிழான்னு பார்க்கிற 'ஈஸ் தமிழ்' ரெண்டும் இல்லாம ஒட்டிக் கிடக்கும். ஒரே ஃபைல், மூணு பாணி. வேற வேற பேர், வேற வேற காலத்துல, சம்பளம் வாங்காம எழுதினா இப்படித்தான் வரும். இதைப் பார்த்துட்டு, காலேஜ்ல ஸ்டைல் கைடை மனப்பாடம் பண்ணின ஒரு தம்பி என்ன பண்ணுவார்? எல்லாத்தையும் ஸ்நேக் கேஸா மாத்தி ஒரு பேட்ச் அனுப்பலாம்னு கை அரிக்கும்.

தம்பி, பொறுங்க. அந்தப் பேரை நம்பி வெளிய எத்தனை பேர் கோடு எழுதியிருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. பேரை மாத்தின மறுநிமிஷம் அவங்க எல்லாருடையதும் உடையும். பைத்தானோட ஸ்டைல் விதியான பெப் 8, 2001ல எழுதினது, அதுவே இதைச் சொல்லுது: ஏற்கெனவே கேமல் கேஸ் புழங்குற இடத்துல பழசு உடையாம இருக்கறதுக்காக அதையே தொடரலாம்னு. பைத்தான் தன் வீட்டுக்குள்ளயும் அப்படித்தான் நடந்துச்சு. த்ரெடிங் மாட்யூல்ல கேமல் கேஸ் பேர்களுக்கு மாற்றா ஸ்நேக் கேஸ் பேர்கள் 2008ல வந்துச்சு. பழைய பேரை இனி பயன்படுத்தாதீங்கன்னு எச்சரிக்கை போட்டது 2021ல, 3.10ல. பதிமூணு வருஷம்! யூனிட்டெஸ்ட் ஜாவாக்காரங்க கருவியைப் பார்த்து எழுதினது. அதுல கேமல் கேஸ் இன்னிக்கும் அப்படியே உக்காந்திருக்கு.

ஊர்ப் பேருக்கும் இதே கதைதான். ஞாபகம் இருக்கா? 2020 ஜூன்ல தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களோட இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்துற அரசாணையை வெளியிட்டுச்சு. கோயம்புத்தூர், திண்டுக்கல் எல்லாம் பட்டியல்ல இருந்துச்சு. 'டி'யில ஆரம்பிக்கிற திண்டுக்கல், 'டி ஹெச்'ல ஆரம்பிக்கணும், நடுவுல டபுள் கே. உச்சரிப்புப்படி பார்த்தா அதுதான் நெருக்கம். நோக்கத்துல குறையே இல்ல. ஆனா பட்டியல்ல இருந்த எழுத்துக்கூட்டல் விதி பல பேருக்குப் புரியலை, எதிர்ப்பு கிளம்புச்சு, கொஞ்ச நாள்லயே ஆணையைத் திரும்ப வாங்கிட்டாங்க. ஒரு ஊர்ப் பேர் எத்தனை இடத்துல பதிஞ்சிருக்கு பாருங்க: பத்திரம், பாஸ்போர்ட், ரயில் டிக்கெட், மேப். வெளிய போன பேர் நம்ம பேர் இல்ல, அதைப் பயன்படுத்துறவங்க பேர்.

வெளிய போகாத பேரை எப்ப வேணா மாத்தலாம், யாரும் கேக்க மாட்டாங்க. அதனாலதான் ரெண்டாவது விஷயம், எது வெளிய தெரியணும்ங்கிறது, பேரைவிட முக்கியம்னு நினைக்கிறேன்.

திண்டுக்கல்ல நின்னுகிட்டு பூட்டைப் பத்திப் பேசாம இருக்க முடியுமா? கையால செய்யற பூட்டு, 2019ல புவிசார் குறியீடும் வாங்கினது. பைத்தான்ல பேருக்கு முன்னாடி ஒரு அண்டர்ஸ்கோர் போட்டா அது பூட்டுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பூட்டு இல்ல. கதவைச் சும்மா சாத்தி வச்சிருக்கு, தள்ளினா திறக்கும். உள்ள வராதீங்கன்னு ஒரு மரியாதை, அவ்வளவுதான். ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்டாலும் பூட்டு இல்ல. பைத்தான் அந்தப் பேருக்கு முன்னாடி கிளாஸ் பேரை ஒட்டிடும், சப்கிளாஸ்ல அதே பேர் வந்தா மோதாம இருக்கறதுக்கு. ஜாவாவோட பிரைவேட் பரவாயில்ல, கம்பைலரே காவல் நிக்கும்.

ஆனா ஜாவாவுலயும் பூட்டைப் போட்டுட்டு சாவியைக் கதவுலயே தொங்கவிடுறவங்கதான் அதிகம். நம்ம தார் கிளாஸையே எடுத்துக்கோங்க. உள்ள சீப்புகளோட லிஸ்ட், பிரைவேட். மொத்த எடை, பிரைவேட். அப்புறம் பழக்க தோஷத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு கெட்டர், ஒரு செட்டர். சீப்பு லிஸ்ட்டைக் கேட்டா, உள்ள இருக்கற அதே லிஸ்ட்டைத் தூக்கிக் குடுத்துடும். வெளிய இருக்கறவர் அதுல இருந்து ரெண்டு சீப்பை எடுத்துடறார். எடை மட்டும் பழையபடியே இருக்கு. தாருக்குத் தன்கிட்ட இருந்து ரெண்டு சீப்பு போனதே தெரியாது. கணக்கு உதைக்கும். விவசாயிக்குப் போற காசுல உதைக்கும்.

லிஸ்ட்டோட நகலைக் குடுங்க. ஜாவா 10ல இருந்து மாத்த முடியாத நகல் எடுக்க ஒரே வரி போதும். பைத்தான்னா டியூப்பிளா மாத்திக் குடுங்க. செட்டரைத் தூக்கிட்டு, நடக்கிற வேலையோட பேர்ல ஒரு மெத்தட் வைங்க: 'சீப்பை வெட்டு'. அது சீப்பையும் எடுக்கும், எடையையும் குறைக்கும். சந்தையில யாராவது 'சீப்பு லிஸ்ட்டை செட் பண்ணு'ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? வெட்டுன்னுதான் சொல்வாங்க. எங்க ஸ்டைல் கைடுல இது ஒரே வரி: எல்லாம் பிரைவேட்ல ஆரம்பிக்கும், வெளிய திறக்கணும்னா ரிவியூல காரணம் சொல்லணும்.

ரிவியூன்னதும் ஒண்ணு சொல்லணும். முதல் தடவை பேட்ச் அனுப்புற ஒரு பிள்ளைக்குப் பன்னெண்டு கமெண்ட் வருது. ஸ்பேஸ் இங்க வேணும், வரி அங்க உடைக்கணும், பேர்ல அண்டர்ஸ்கோர் இல்ல. லாஜிக்கைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பிள்ளை ரெண்டாவது பேட்ச் அனுப்பாது. திறந்த மூல ப்ராஜெக்டுகளுக்கு, அதுவும் தமிழுக்காக நடக்கிறதுக்கு, ஆள் கிடைக்கறதே கஷ்டம். மெஷின் பிடிக்கிற தப்பை மெஷினே சொல்லட்டும், கமிட் பண்ணும்போதே. மெஷின் திட்டினா யாருக்கும் மனசு வலிக்காது. மனுஷன் சொல்ல வேண்டியது 'இந்த மெத்தட் வெளிய தெரியணுமாப்பா?' மாதிரி கேள்வி.

பேச்சு முடிஞ்சதும் இங்க உக்காந்திருந்தவங்கள்ல ஒருத்தர் கேட்டார்: அண்ணே, கடைசியா சீப்புக்கு எந்த ஸ்பெல்லிங்னு. எஸ், டபுள் இ, டபுள் பி, யு. நடுவுல பகரம் இரட்டிக்குது, அதனால ரெண்டு பி. சொல்பட்டியல்ல ஏறியாச்சு. மிச்ச மூணு ஸ்பெல்லிங்கையும் இன்னிக்கே மாத்திடுங்க. இன்னும் யாருக்கும் ரிலீஸ் பண்ணலை, வெளிய ஒருத்தரும் அந்தப் பேரை நம்பி இல்ல.